குதிரையை விடுங்கள், சிறுநீர்ப்பையைக் கவனியுங்கள்

கேள்வி: எனக்கு 29 வயது. தோள்மூட்டு விலகியபோது கெட்டமைன் என்ற மயக்க ஊசி போட்டுத்தான் சரிசெய்தார்கள். கூரையிலிருந்து என்னையே பார்ப்பது போல இருந்தது. அது மனச்சோர்வுக்கும் மருந்து என்று இணையத்தில் படித்துவிட்டு, 8 மாதமாக நண்பர் மூலம் பொடியாக வாங்கி உறிஞ்சுகிறேன். இப்போது மறதி, படபடப்பு. குதிரைக்குப் போடும் மருந்தாமே, மூளை கெட்டுவிட்டதா? சில வாரமாக நீர்க்கடுப்பு வேறு. அரைமணிக்கு ஒருமுறை போகிறேன். இரண்டு முறை ஆன்டிபயாடிக் வாங்கிச் சாப்பிட்டும் போகவில்லை.

பதில்: போகிற போக்கில் எழுதிய கடைசி வரிகள்தான் எனக்குக் கவலை தருகின்றன. உங்களுக்கு இருப்பது கிருமித்தொற்றாக இருக்க வாய்ப்பு குறைவு. கெட்டமைனும் அது உடைந்து உண்டாகும் பொருட்களும் சிறுநீரில்தான் வெளியேறுகின்றன. அடிக்கடி எடுத்தால் அவை சிறுநீர்ப்பையின் உள்தோலைப் புண்ணாக்கிவிடும். புண் நீடித்தால் சுவர் தடித்து, 400 மி.லி. தாராளமாகப் பிடிக்கிற பை சுருங்கிப்போகும். இன்னும் விட்டால் நீர் மேலே தேங்கிச் சிறுநீரகத்தையும் கெடுக்கும். கிருமியே இல்லாத இடத்தில் ஆன்டிபயாடிக் யாரைக் கொல்லும்? அதையும் ஒரு பரிசோதனைகூடச் செய்யாமல், நீங்களாகவே, இரண்டு முறை!

இந்த வாரமே யூராலஜிஸ்ட்டை, அதாவது சிறுநீர்ப் பாதை மருத்துவரைப் பாருங்கள். கெட்டமைன் எடுப்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். மறைத்தால் அவரும் தொற்று என்று நினைத்து அதே மாத்திரையைத்தான் எழுதுவார். கிருமி இருக்கிறதா என்று அறியச் சிறுநீர் கல்ச்சர், ஸ்கேன், சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் சிறுநீர்ப்பைக்குள் கேமரா விட்டும் பார்ப்பார்கள். சிறுநீரில் ரத்தம் தெரிந்தாலோ, காய்ச்சலோடு விலாவில் வலித்தாலோ, நீர் அடைத்துக்கொண்டாலோ அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள். பொடியை நிறுத்தாமல் எந்தச் சிகிச்சையும் பலிக்காது. ஆரம்பத்திலேயே நிறுத்தியவர்கள் பலர் தேறிவிடுகிறார்கள். பை சுருங்கிய பிறகு வருபவர்களுக்கு அறுவை சிகிச்சை வரை போக வேண்டியிருக்கிறது.

சரி, மூளைக்கு வருவோம். கூரையிலிருந்து பார்த்தது பைத்தியத்தின் அறிகுறி இல்லை, அந்த மருந்தின் குணமே அதுதான். உடம்பிலிருந்து வரும் சேதிகளை மூளையிடமிருந்து பிரித்துவைக்கிறது. நோயாளி கண்ணைத் திறந்தபடி விளக்கையே பார்த்துக்கொண்டிருப்பார், கருவிழி மட்டும் பக்கவாட்டில் ஆடும், நாங்கள் விலகிய தோள்மூட்டை இழுத்துப் பொருத்துவோம், முகம் சுளிக்க மாட்டார். (எட்டிப்பார்க்கிற உறவினர்கள்தான் பதறிப்போவார்கள்.) பெரும்பாலும் மூச்சை அடக்காது, ரத்த அழுத்தத்தையும் இறக்காது. அதனால்தான் 1970 முதல் விபத்து, போர்க்களம், சின்ன மருத்துவமனை எங்கும் கைகொடுக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இருக்கிறது. அன்று போட்ட ஒற்றை ஊசி உங்கள் சிறுநீர்ப்பையையோ மூளையையோ ஒன்றும் செய்யவில்லை. குதிரைக்குப் போடுகிறார்கள்தான். பென்சிலினும் போடுகிறார்கள். மறதியும் படபடப்பும் இந்த 8 மாதப் பொடியால் வரக்கூடியவை. நிறுத்திய பிறகு பலருக்குக் குறைகிறது.

மனச்சோர்வுக்கு உதவும் என்று நீங்கள் படித்தது பொய்யில்லை, பாதி உண்மை. இதன் நெருங்கிய உறவான எஸ்கெட்டமைன் மூக்கு ஸ்ப்ரேயை 2019இல் அமெரிக்கா அனுமதித்தது, மற்ற மருந்துகள் கேட்காதவர்களுக்கு. அதையும் வீட்டுக்குக் கொடுத்தனுப்புவதில்லை. மருத்துவமனையில் உட்காரவைத்து, ரத்த அழுத்தம் பார்த்து, குறைந்தது 2 மணி நேரம் கண்காணித்த பிறகே அனுப்புகிறார்கள். நண்பர் தரும் பொடியில் என்ன கலந்திருக்கிறது என்று அவருக்கே தெரியாது.

மனநல மருத்துவரையும் இப்போதே பாருங்கள், பொடி விஷயத்தை அவரிடமும் சொல்லுங்கள். நிறுத்திய முதல் சில நாட்கள் மனம் இன்னும் கீழே இறங்கலாம். அப்போது தனியாக இருக்காதீர்கள். சாக வேண்டும் என்ற நினைப்பு எட்டிப்பார்த்தால், விடியட்டும் என்று காத்திருக்காமல் யாரையாவது கூட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.