ஜெபம் வரவில்லை, கோபம்தான் வருகிறது

வாசகி கேட்டது:

அன்புள்ள அக்கா, என் கணவர் லோடு ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார். சர்க்கரையில் இரண்டு கிட்னியும் போய், இரண்டு வருஷமாக வாரத்துக்கு இரண்டு தடவை டயாலிசிஸ். நான் பிளவுஸ் தைத்துக் கொடுப்பதில்தான் வண்டி ஓடுகிறது. மகள் காலேஜில் படிக்கிறாள். வருஷப் பிறப்பு ஆராதனையில் எனக்கு வந்த வாக்குத்தத்த அட்டையில் “உன் நோய்களையெல்லாம் குணமாக்கி” என்று இருந்தது. அன்றைக்கு அழுதுகொண்டே வாங்கினேன், இப்போது அந்த அட்டையைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஜெபக்கூட்டத்தில் ஒரு சகோதரி, “உங்க வீட்ல ஏதோ அறிக்கையிடாத பாவம் இருக்கு” என்கிறார். வெளியூரிலிருந்து வந்த ஒரு ஊழியக்காரர், பத்தாயிரம் ரூபாய் காணிக்கையாக விதைத்துவிட்டு, டயாலிசிஸ் போகாமல் விசுவாசத்தோடு காத்திருக்கச் சொன்னார். இவரும் சரி என்கிறார். முழங்காலில் நின்றால் ஜெபம் வரவில்லை, கோபம்தான் வருகிறது. சில ராத்திரி, காலையில் எழுந்திருக்காமலே போனால் நன்றாயிருக்கும் என்று தோன்றுகிறது. நான் விசுவாசத்தை விட்டு விலகிவிட்டேனா?

பதில்:

அன்புத் தங்கைக்கு,

மற்றதெல்லாம் அப்புறம் பேசலாம். முதலில் இது: டயாலிசிஸை ஒரு தடவைகூட நிறுத்த விடாதீர்கள். கிட்னி வேலை செய்யாத உடம்பில் பொட்டாசியம் ஏறினால் இருதயம் நின்றுபோகலாம், தண்ணீர் தேங்கி நுரையீரலில் ஏறினால் மூச்சு முட்டும், இதற்கெல்லாம் மாதக்கணக்கு வேண்டாம், சில நாட்களே போதும். அந்தப் பத்தாயிரம் ரூபாயையும் கொடுக்காதீர்கள். கொடுக்காததால் தேவன் கோபித்துக்கொள்வார் என்று உங்கள் மனதில் ஒரு மூலையில் பயம் இருக்கும், எனக்குத் தெரியும். இயேசு குணமாக்கின ஒருவரிடமும் தமக்கென்று காணிக்கை கேட்டதாக நான்கு சுவிசேஷத்திலும் ஒரு வரி கிடையாது, தேடிப் பாருங்கள்.

மருந்தை விடுவதுதான் விசுவாசம் என்று வேதம் எங்கேயும் சொல்லவில்லை. எசேக்கியா ராஜா சாகக் கிடந்தபோது ‘பிழைப்பாய்’ என்று தேவனிடமிருந்து வார்த்தை வந்த பிறகும், ஏசாயா அத்திப்பழத்து அடையைக் கொண்டுவரச் சொல்லி அதைப் பிளவை என்கிற கட்டியின்மேல் வைக்கச் சொன்னார், அது அந்தக் காலத்து மருந்து. பவுலோடு கூட இருந்த லூக்கா வைத்தியர். அந்தப் பவுலே இரண்டாம் தீமோத்தேயுவின் கடைசி அதிகாரத்தில், துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன் என்று எழுதுகிறார். பவுலின் சரீரத்திலிருந்து உறுமால்களைக் கொண்டுபோய் வியாதிக்காரர்மேல் போட்டார்கள், வியாதி நீங்கினது என்று அப்போஸ்தலர் நடபடிகளில் வாசிக்கிறோம். அப்படிப்பட்டவர் தன்னுடைய ஊழியத் தோழனைப் படுக்கையில் விட்டுவிட்டுத்தான் போகவேண்டியிருந்தது, ஆனால் துரோப்பீமுவுக்கு விசுவாசம் போதவில்லை என்று ஒரு வார்த்தை அவர் சொல்லவில்லை.

சரி, அந்த ஜெபக்கூட்டத்துச் சகோதரி. அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லியிருக்க மாட்டார் என்றே வைத்துக்கொள்வோம். யோபுவின் சிநேகிதர்களும் கெட்டவர்கள் இல்லை, வந்தவுடன் ஏழு நாள் ராத்திரி பகலாய் அவரோடு தரையில் உட்கார்ந்தார்கள், ஒரு வார்த்தை பேசவில்லை. அதோடு எழுந்து போயிருந்தால் எவ்வளவு நன்றாயிருந்திருக்கும். வாயைத் திறந்தார்கள், நீ ஏதோ செய்திருக்கிறாய், இல்லாவிட்டால் இப்படி வருமா என்று பல அதிகாரங்கள் நீளத்துக்கு அதையே பேசினார்கள். யோபுவோ தான் பிறந்த நாளைச் சபித்தார், தேவன் எனக்கு நியாயம் செய்யவில்லை என்றார், நேரில் வந்து பதில் சொல்லட்டும் என்று வழக்காடினார். கடைசியில் யார்மேல் தேவனுக்குக் கோபம் வந்தது? 42ஆம் அதிகாரத்தைப் பாருங்கள்: “என் தாசனாகிய யோபு பேசினதுபோல், நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை.” தேவனுக்கு வக்காலத்து வாங்கினவர்களைக் கண்டித்து, அவரோடு சண்டை போட்டவரை ‘என் தாசன்’ என்கிறார். பிறவிக் குருடனைக் காட்டி, இவன் பாவமா இவனைப் பெற்றவர்கள் பாவமா என்று சீஷர்கள் கேட்டபோதும், இவன் செய்த பாவமுமல்ல, பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல என்று இயேசு பளிச்சென்று சொல்லிவிட்டார். இனி அந்தச் சகோதரி கேட்டால் நீங்கள் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. “எனக்காக ஜெபம் பண்ணுங்க அக்கா” என்று சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் விலகவில்லை. விலகினவர்களுக்குக் கர்த்தர்மேல் கோபம் வராது, அவர்களுக்கு அவர் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். அவர் இருக்கிறார், கேட்கிறார், செய்யவும் முடியும், ஆனாலும் செய்யவில்லையே என்று நினைக்கிற மனதுக்குத்தான் இந்தக் கோபம் வரும். நீங்கள் செய்கிற தவறு ஒன்றே ஒன்று, கோபம் வந்தவுடன் ஜெபம் முடிந்துவிட்டது என்று எழுந்துவிடுகிறீர்கள். எழுந்திருக்காதீர்கள், அதையே சொல்லுங்கள்.

சங்கீதம் 13ஐ எடுத்துப் பாருங்கள், ஆறே வசனம். “கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்” என்றுதான் ஆரம்பம். நாம் வீட்டுப் பெரியவர்களிடம்கூட இந்தத் தொனியில் பேசமாட்டோம். 88ஆம் சங்கீதம் இன்னும் ஒரு படி மேலே, அது கடைசிவரைக்கும் வெளிச்சத்துக்கு வருவதே இல்லை, “எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்” என்றே முடிந்துவிடுகிறது. ஆனாலும் அதன் முதல் வசனத்தில் அந்த மனுஷன் அவரை “என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே” என்று கூப்பிடுகிறான். இப்படி ஒரு ஜெபத்தை வேதத்தில் சேர்த்து வைத்திருக்கிறார்கள் என்றால், உங்களைப் போன்றவர்கள் எடுத்துப் பயன்படுத்தத்தான்.

ஆபகூக்கின் வசனம் ஒன்று நம் சபைகளில் எல்லோருக்கும் மனப்பாடம், அத்திமரம் துளிர்விடாமற்போனாலும் நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன் என்பது. கஷ்டத்தில் இருக்கிறவர்கள் வீட்டுக்குப் போனால் முதலில் அதைத்தான் வாசிக்கிறார்கள். எனக்கு அதில் ஒரு வருத்தம் உண்டு. அது மூன்றாம் அதிகாரம். அதே ஆபகூக் முதல் அதிகாரத்தில், நான் எதுவரைக்கும் உம்மை நோக்கிக் கூப்பிடுவேன், நீர் கேளாமலிருக்கிறீரே என்று கத்துகிறார், இரண்டாம் அதிகாரத்தில் காவலில் நின்று பதிலுக்குக் காத்திருக்கிறார். மூன்றே அதிகாரம் உள்ள புத்தகத்தில் முதல் இரண்டையும் தாண்டிக் குதித்து, மூன்றாவதை மட்டும் ஒரு மனுஷியின் கையில் கொடுத்து மகிழ்ச்சியாயிரு என்பது நியாயமில்லை. நீங்கள் இப்போது முதல் அதிகாரத்தில் இருக்கிறீர்கள். அங்கேயே இருங்கள், யாரும் உங்களை அவசரப்படுத்த வேண்டாம்.

ராத்திரியில் வருகிற நினைப்பைப் பற்றி எழுதியிருந்தீர்களே, அதை எழுதினதற்கு உங்களைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது. எலியா சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்று கேட்டார். கர்மேல் மலையில் அக்கினியை இறக்கின அதே எலியா. கர்த்தர் அவருக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. தூங்கவிட்டார். தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தது, தூதன் தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார், தூதன் மறுபடியும் வந்து எழுப்பிச் சாப்பிடச் சொன்னான், நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம் என்றான். அந்த வரியை நான் எத்தனை தடவை வாசித்தாலும் நின்றுவிடுவேன். தூரம் அதிகம் என்பதைத் தூதனே ஒத்துக்கொள்கிறான், அதனால்தான் சாப்பாடு.

ஆகவே நீங்கள் சாப்பிடுகிறீர்களா? அவருக்கு உப்பில்லாமல், காய்கறியை வேகவைத்துத் தண்ணீரை வடித்துத் தனியாகச் சமைத்துவிட்டு, உங்களுக்கு மிச்சம் மீதியைப் போட்டுக்கொண்டு தையல் மிஷினுக்குப் போய்விடுகிறீர்கள் என்று என் ஊகம். தூக்கம் எத்தனை மணி நேரம்? இதெல்லாம் ஆவிக்குரிய விஷயம் இல்லை என்று நினைக்காதீர்கள், எலியாவுக்குக் கர்த்தர் முதலில் செய்தது இதுதான். அந்த நினைப்பு மறுபடி வந்தால் தனியாக வைத்துக்கொள்ளாமல் 14416க்குப் போன் பண்ணுங்கள், அரசாங்கத்தின் டெலி மானஸ், ராத்திரி பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. மகளிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

அந்த வாக்குத்தத்த அட்டை. அது 103ஆம் சங்கீதம் மூன்றாம் வசனம். அட்டையில் ஒரு வரிக்குத்தான் இடம் இருக்கும், அதனால் மீதியைச் சொல்கிறேன். அதே சங்கீதத்தில் 14ஆம் வசனம், “நம்முடைய உருவம் இன்னதென்று அவர் அறிவார், நாம் மண்ணென்று நினைவுகூருகிறார்” என்கிறது, அடுத்த வசனம் மனுஷனுடைய நாட்கள் புல்லுக்கு ஒப்பாயிருக்கிறது என்கிறது. இரண்டையும் ஒரே ஆள் ஒரே மூச்சில் பாடியிருக்கிறார். உங்கள் கணவர் இந்த உடம்பில் முழுச் சுகம் அடைவார் என்று நான் உங்களுக்கு வாக்குக் கொடுக்கமாட்டேன், அப்படிக் கொடுக்க எனக்கு மட்டும் இல்லை, யாருக்கும் அதிகாரம் இல்லை. சுகத்துக்காக ஜெபிப்பதை நிறுத்தவும் சொல்லமாட்டேன். பவுலும் தன் சரீரத்தில் இருந்த, ‘முள்’ என்று அவர் சொன்ன உபாதை நீங்கும்படி மூன்று தரம் கேட்டார், “என் கிருபை உனக்குப்போதும்” என்ற பதில் வந்தது, முள் அங்கேயேதான் இருந்தது.

திருநெல்வேலிப் பக்கம் டோனாவூரில் ஒருவர் இருந்தார், ஏமி கார்மைக்கேல் அம்மையார். கோயில்களுக்கு நேர்ந்துவிடப்பட்ட பெண்பிள்ளைகளை எடுத்து வளர்த்தவர், ஓரிடத்தில் உட்காராதவர். 1931 அக்டோபரில் களக்காட்டில் ஒரு குழியில் விழுந்து கால் முறிந்தது. சீக்கிரம் எழுந்துவிடுவார் என்று எல்லோரும் நினைத்தார்கள். 1951 ஜனவரியில் இறக்கும்வரை ஏறக்குறைய இருபது வருஷம் பெரும்பாலும் அந்த அறையிலும் படுக்கையிலும்தான். அவருக்காக ஜெபிக்க ஆட்கள் குறைவா, அவருக்கு விசுவாசம் குறைவா? அந்தப் படுக்கையிலிருந்து மற்ற நோயாளிகளுக்கு எழுதினார், நோயாளி நோயாளிக்கு எழுதுகிறேன் என்று சொல்லியே எழுதினார். நல்ல சுகத்தோடு நடமாடுகிறவர்கள் சொல்லும் ஆறுதல் சில நேரம் படுத்திருக்கிறவர்களுக்கு எட்டுவதில்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. உங்கள் டயாலிசிஸ் வார்டுக்கு வெளியே அந்த நான்கு மணி நேரம் உங்களோடு உட்கார்ந்திருக்கிற மற்றப் பெண்கள் இருப்பார்களே, டிபன் கேரியரும் கட்டைப்பையும் ரிப்போர்ட் ஃபைலுமாக, வெயிட் எவ்வளவு ஏறியிருக்கிறது, டயாலிசிஸ் ஊசிக்காகக் கையில் இணைத்த ரத்தக்குழாய், அந்த ஃபிஸ்டுலா, நன்றாக ஓடுகிறதா என்று ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொண்டு? அவர்களில் ஒருவரிடம் மனம் விட்டுப் பேசிப் பாருங்கள். அவர் எந்த மதமாக இருந்தாலும் பரவாயில்லை, ஜெபக்கூட்டத்தில் கிடைக்காதது அங்கே கிடைக்கலாம்.

ஜெபம் அறவே வராத நாட்களும் வரும். அன்றைக்கு மற்றவர்கள் உங்களுக்காக நம்பட்டும். கப்பர்நகூமில் நான்கு பேர் ஒரு திமிர்வாதக்காரனைச் சுமந்து வந்து கூரையைப் பிரித்து இறக்கினார்களே, அங்கே இயேசு ‘அவர்கள்’ விசுவாசத்தைக் கண்டு என்றுதான் மாற்கு எழுதுகிறார். படுக்கையில் கிடந்தவன் ஒரு வார்த்தை பேசினதாக இல்லை. சபையில் குறை சொல்லாத இரண்டு பேரை உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? அவர்களிடம் போங்கள், “ஜெபியுங்கள்” என்று மட்டும் சொல்லாதீர்கள். வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்கு அவர்கள் வண்டியில் கூட்டிப்போக முடியுமா, இந்த மாதம் அரிசி வாங்கித் தர முடியுமா என்று காரியமாகக் கேளுங்கள். சேகர குருவானவரிடமும் போய், ஊழியக்காரர் சொன்னதை மறைக்காமல் சொல்லுங்கள். இப்படிப்பட்டவர்கள் சபை வீடுகளுக்குள் வந்து போவது அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

பண விஷயம் ஒன்று. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறதா? குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை உண்டு, டயாலிசிஸும் அதில் வரும். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீசில் இருக்கிற காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். தனியார் ஆஸ்பத்திரியில் கையிலிருந்து கட்டிக்கொண்டிருந்தால் அரசு ஆஸ்பத்திரியில் இடம் கேளுங்கள், அங்கே இலவசம்.

கடைசியாக, உங்கள் கணவர். டயாலிசிஸை நிறுத்த அவர் ஏன் உடனே சரி என்றார் என்று யோசித்தீர்களா? விசுவாசம் பொங்கி வந்ததால் மட்டும் இருக்காது. வாரத்துக்கு இரண்டு தடவை இரண்டு பெரிய ஊசி, வெயிலில் நாக்கு வறண்டாலும் தண்ணீரை அளந்து அளந்து குடிக்கிற தாகம், அதற்கு மேல், வண்டி ஓட்டிக் குடும்பத்தைத் தாங்கின மனுஷன் மனைவியின் தையல் காசில் உட்கார்ந்திருக்கிறோமே என்கிற வெட்கம். முடித்துவிடலாம் என்று அவருக்கும் தோன்றியிருக்கலாம், அதை வெளியே சொல்ல அந்த ஊழியக்காரரின் வார்த்தை ஒரு வழியாகக் கிடைத்திருக்கலாம். இன்றைக்கு அவரிடம் வசனம் சொல்லாமல், புத்தி சொல்லாமல், “உங்களுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கா?” என்று மட்டும் கேளுங்கள். அவர் பேசி முடிக்கட்டும். அப்புறம் 13ஆம் சங்கீதத்தை இரண்டு பேருமாகச் சத்தமாக வாசியுங்கள். முதல் இரண்டு வசனத்துக்கு மேல் போக மனம் வராவிட்டால் அதோடு மூடிவைத்துவிடுங்கள், மீதியை நாளைக்கு வாசிக்கலாம். அடுத்த டயாலிசிஸுக்கு அவர் போய் வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

அன்புடன்,
அக்கா