டர்பனிலிருந்து ஊருக்கு: விமான டிக்கெட் பற்றிக் கேட்டவையும் சொன்னவையும்

போன ஞாயிறு தமிழ்ப் பள்ளி மண்டபத்தில் இந்தியப் பயணத்துக்கு டிக்கெட் போடுவது பற்றிப் பேசினோம். நேரம் போதவில்லை. பலர் கேள்விகளைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். தென்னாப்பிரிக்காவில், இந்த டர்பனில், ஒரு பயண ஏஜென்சியில் 22 வருடம் டிக்கெட் போட்டவள் நான். அந்த அனுபவத்தில் தெரிந்ததை இங்கே எழுதுகிறேன். ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் கேட்டவர் வசிக்கும் இடத்தைப் போட்டிருக்கிறேன்.

சாட்ஸ்வர்த்: நாங்கள் நான்கு பேர், டிசம்பரில் முதல் தடவையாகத் தமிழ்நாட்டுக்குப் போகிறோம். டர்பனிலிருந்து சென்னைக்கு நேர் விமானம் உண்டா அக்கா? எது மலிவு?

நேர் விமானம் இல்லை அம்மா. சவுத் ஆப்பிரிக்கன் ஏர்வேஸ் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து மும்பைக்கு ஓட்டிக்கொண்டிருந்தது. அதையும் 2015-இல் நிறுத்திவிட்டார்கள். இப்போது எங்காவது ஓரிடத்தில் மாறித்தான் ஆக வேண்டும். டர்பனின் கிங் ஷாகா விமான நிலையத்தில் எமிரேட்ஸ் ஏறி, துபாயில் மாறிச் சென்னை போவது குழந்தைகளோடு போகிறவர்களுக்குச் சுலபம். கத்தார் ஏர்வேஸில் தோஹா வழியாகவும் போகலாம். ஜோபர்க் (ஜோகன்னஸ்பர்க்) வரை போய் ஏறத் தயார் என்றால் எத்தியோப்பியன் ஏர்லைன்ஸில் அடிஸ் அபாபா வழியாகவோ, கென்யா ஏர்வேஸில் நைரோபி வழியாக மும்பைக்கோ போகலாம். இந்த இரண்டும் பல நாட்களில் விலை குறைவாகத் தெரியும். அந்த விலையோடு ஜோபர்க் போகிற செலவு, மும்பையிலிருந்து தெற்கே வருகிற செலவு, நடுவில் ஒரு ராத்திரி தங்க வேண்டியிருந்தால் அதுவும் சேர்த்து ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். உங்கள் வீட்டு வாசலிலிருந்து ஊரில் இறங்கும் வாசல் வரைக்குமான கணக்கைத்தான் ஒப்பிட வேண்டும்.

டிசம்பர் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நம் பள்ளிகள் மூடுகிற அதே நேரத்தில் வளைகுடாவில் வேலை செய்கிறவர்களும் கிறிஸ்துமஸ் லீவுக்கு அதே துபாய்–சென்னை விமானத்தில் ஏறுகிறார்கள். ஜனவரி நடுவில் பொங்கல். ஆகவே நம் பள்ளி விடுமுறை முழுக்க அங்கே கூட்டம்தான். டிசம்பர் முதல் வாரத்தில் சென்னையில் மழையும் பலமாக இருக்கலாம். 2015-இல் வெள்ளத்தால் சென்னை விமான நிலையத்தைப் பல நாள் மூடினார்கள். 2023 டிசம்பர் 4-ஆம் தேதி மிக்ஜாம் புயலின்போதும் மூடினார்கள். உங்களுக்கு முடியுமென்றால் நம் பள்ளிகளின் ஜூன்–ஜூலை குளிர்கால விடுமுறையைப் பாருங்கள். டிசம்பர்தான் என்றால் சீக்கிரம் வாங்கிவிடுங்கள், கடைசி நேரத்தில் விலை இறங்கும் என்று காத்திருக்காதீர்கள்.

பீனிக்ஸ்: ஜோபர்க்–மும்பை டிக்கெட் மலிவாக இருக்கிறது. டர்பன்–ஜோபர்க் தனியாக, மும்பை–மதுரை தனியாக வாங்கினால் நிறைய மிச்சம் ஆகிறதே, ஏன் வேண்டாம் என்கிறீர்கள்?

அண்ணா, இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன்.

ஒரே டிக்கெட்டில் (ஒரே பி.என்.ஆர். எண்ணில்) டர்பனிலிருந்து மதுரை வரை போட்டிருந்தால், முதல் விமானம் தாமதமாகி அடுத்ததை விட்டுவிட்டாலும் உங்களை மதுரை கொண்டுபோய்ச் சேர்ப்பது விமான நிறுவனத்தின் பொறுப்பு. மூன்று தனி டிக்கெட் என்றால் அந்தப் பொறுப்பு யாருக்கும் இல்லை. மும்பைக்கு நாலு மணி நேரம் தாமதமாக வந்தீர்கள் என்றால், மதுரை விமானக்காரருக்கு நீங்கள் வெறுமனே வராமல் போன பயணி. அந்தக் காசு போனதுதான்.

எனக்கே நடந்தது. சில வருடங்களுக்கு முன் அம்மாவையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு இப்படித்தான் பிரித்து வாங்கிப் போனேன். டிக்கெட் போடுவதே தொழில், எனக்குத் தெரியாதா என்ற தைரியம். முதல் விமானமே தாமதம். மும்பையில் இறங்கியபோது உள்நாட்டு விமானம் போய்விட்டது. மூன்று பேருக்கும் அன்றைய விலையில் புதுசாக வாங்கினேன். மிச்சம் பிடித்ததைப் போல இரண்டு மடங்கு போயிற்று. பணம் போனதைவிட, சர்க்கரை நோயாளியான அம்மா ராத்திரி முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருந்ததுதான் இன்னும் மனசில் இருக்கிறது.

இன்னொன்றும் கவனியுங்கள். இந்தியாவுக்குள் முதலில் இறங்கும் இடத்திலேயே குடிநுழைவு, சுங்கம் எல்லாம் முடிந்துவிடும். பெட்டியை எடுத்து, சுங்கம் தாண்டி, மறுபடி உள்நாட்டு விமானத்துக்குப் போட வேண்டும். மும்பையில் டெர்மினல் 1-உம் 2-உம் தனித்தனி இடங்கள், சாலை வழியாகத்தான் போக வேண்டும். உங்கள் உள்நாட்டு விமானம் எந்த டெர்மினலிலிருந்து என்று பார்க்காமல் வாங்காதீர்கள். பிரித்துத்தான் வாங்குவேன் என்றால் நடுவில் ஒரு ராத்திரி விடுங்கள். அந்த ஹோட்டல் செலவையும் கணக்கில் சேர்த்த பிறகு மிச்சம் இருந்தால் சரி, வாங்குங்கள்.

பீனிக்ஸ், அதே அண்ணா: பெட்டி எடை?

இதுவும் அதே கதைதான். வெளிநாட்டு டிக்கெட்டில் பல சமயம் ஆளுக்கு 23 கிலோவில் இரண்டு பெட்டி கிடைக்கும். இண்டிகோ மாதிரி உள்நாட்டு விமானத்தில் 15 கிலோ, கையில் 7 கிலோ, அவ்வளவுதான். தனி டிக்கெட் என்றால் மீதி எடைக்குக் கிலோ கணக்கில் காசு கட்ட வேண்டும். ஒரே டிக்கெட்டாக இருந்தால் பெரும்பாலும் வெளிநாட்டு அளவே கடைசி ஊர் வரை செல்லும். டிக்கெட்டில் ஒவ்வொரு பயணத்துக்கும் எதிரே எடை அச்சாகியிருக்கும், பணம் கட்டும் முன் பார்த்துவிடுங்கள். திரும்பி வரும்போது பட்டுப் புடவையும் பித்தளைக் குத்துவிளக்கும் இல்லாமல் நம்மில் யாரும் வருவதில்லை. போகும்போதே அந்த எடைக்கு இடம் விட்டு அடுக்குங்கள்.

டோங்காட்: எங்கள் குடும்பம் நாகர்கோவில் பக்கம். சென்னையில் இறங்கி அவ்வளவு தூரம் போகத்தான் வேண்டுமா?

வேண்டாம். தமிழ்நாட்டுக்குப் போகிறோம் என்றதும் எல்லோரும் சென்னை என்றே தேடுகிறார்கள். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் 70 கிலோமீட்டர்கூட இல்லை. திருநெல்வேலியும் சாலையில் சுமார் 150 கிலோமீட்டர்தான். துபாயிலிருந்து எமிரேட்ஸும், தோஹாவிலிருந்து கத்தாரும் திருவனந்தபுரத்துக்கும் கொச்சிக்கும் போகின்றன. கொச்சி கோயம்புத்தூர், பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர்களுக்குக் கைகொடுக்கும். ஓசூர், கிருஷ்ணகிரி என்றால் பெங்களூரு.

இதைவிட நல்ல வழி, ஓர் ஊரில் இறங்கி இன்னோர் ஊரிலிருந்து திரும்புவது. தேடும்போது 'ரிட்டர்ன்' என்பதை விட்டு 'மல்டி சிட்டி'யை அழுத்துங்கள். டர்பன்–சென்னை, திருவனந்தபுரம்–டர்பன் என்று போடுங்கள். இரண்டு ஒருவழி டிக்கெட் வாங்குவதைவிட இது பெரும்பாலும் மலிவாக வரும், ஒரே டிக்கெட்டாகவும் இருக்கும். சென்னையில் இறங்கி காஞ்சிபுரம், சிதம்பரம், தஞ்சாவூர், மதுரை, திருச்செந்தூர் என்று தெற்கே இறங்கிக்கொண்டே போய், நாகர்கோவிலில் சொந்தங்களைப் பார்த்துவிட்டு, அங்கிருந்தே கிளம்பிவிடலாம். விமானம் பிடிக்க மறுபடி சென்னை வரை ஓட வேண்டாம். என் கையால் இப்படிப் போட்டுக்கொடுத்த குடும்பங்கள் நிறைய. ஊர்ப் பயணத்துக்கு இதைவிட அழகான வழியை நான் பார்த்ததில்லை.

வெருலம்: தமிழ்நாட்டுக்குள் விமானமா, ரயிலா?

சென்னையிலிருந்து மதுரைக்கோ தூத்துக்குடிக்கோ விமானம் சுமார் ஒன்றேகால் மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம். முன்கூட்டியே கிளம்பிப் போவது, காத்திருப்பது, இறங்கி டாக்சி பிடிப்பது எல்லாம் சேர்த்தால் அரை நாள் ஆகிவிடும். வந்தே பாரத் ரயில் சென்னையிலிருந்து கோயம்புத்தூருக்குச் சுமார் ஆறு மணி நேரத்திலும், திருநெல்வேலிக்கு எட்டு மணி நேரத்துக்குள்ளும் போய்விடும். பெட்டிக்கு எடைக் காசும் கிடையாது. நான் ரயிலையே சொல்வேன்.

ஆனால் ரயிலில் இடம் கிடைப்பது சுலபமில்லை. 2024 நவம்பரிலிருந்து அங்குள்ளவர்களுக்கு முன்பதிவு 60 நாளுக்கு முன்தான் திறக்கிறது. வெளிநாட்டுப் பயணிகளுக்கான ஒதுக்கீட்டில் 365 நாள் முன்பே போடலாம். பல நல்ல ரயில்களில் அந்த ஒதுக்கீடு உண்டு. நம் தென்னாப்பிரிக்கப் பாஸ்போர்ட்டுக்கு இருக்கிற இந்த வசதியை நம்மவர்கள் பயன்படுத்துவதே இல்லை. அப்புறம், தெற்கே போகிற ரயிலுக்கு விமான நிலையத்திலிருந்து எழும்பூர் வரை போகாதீர்கள். பல ரயில்கள் தாம்பரத்தில் நிற்கும், அது பக்கம்.

மிட்ரண்ட்: அக்கா, நான் இங்கே ஐ.டி. வேலையில் இருக்கிறேன். தஞ்சாவூரிலிருந்து அப்பா அம்மாவை வரவழைக்கிறேன், இருவருக்கும் ஆங்கிலம் பேச வராது. கேப் டவுனும் காட்ட ஆசை.

தம்பி, முதலில் விசா. அது கையில் வந்த பிறகே பணம் திரும்பாத டிக்கெட்டை வாங்குங்கள். அப்பாவின் பாஸ்போர்ட்டில் 'சர்நேம்' இடம் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊர்ப் பெரியவர்கள் பலருக்கு ஒற்றைப் பெயர்தான். பாஸ்போர்ட்டில் உள்ளதற்கும் டிக்கெட்டில் உள்ளதற்கும் ஓர் எழுத்துகூட மாறக் கூடாது. ஒற்றைப் பெயர் உள்ளவர்கள் சுற்றுலா விசாவில் தன் நாட்டுக்குள் வர முடியாது என்று 2022 நவம்பரில் ஐக்கிய அமீரகம் அறிவித்தது. ஆகவே துபாயில் இறங்கிச் சுற்றிக் காட்டலாம் என்று நினைத்தால் கவனம். நேரம் இருந்தால் சர்நேம் சேர்த்துப் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துவிடுங்கள்.

திருச்சி பக்கம் என்று அங்கிருந்து தனி டிக்கெட் போட வேண்டாம். காரில் சென்னை வந்து, ஒரே மாற்றத்தில் துபாய் வழியாகவோ தோஹா வழியாகவோ ஜோகன்னஸ்பர்க். இருவருக்கும் சக்கர நாற்காலி கேளுங்கள், இலவசம்தான். நடக்க முடிகிறவர்களுக்கும் கேட்கலாமா என்று கூச்சப்படாதீர்கள். முழங்கால் வலியோடு பெரிய விமான நிலையத்தில் வாசல் தேடி அலைவது பெரியவர்களுக்குக் கஷ்டம், துணைக்கு வருகிறவர் அடுத்த விமானத்தின் வாசல் வரை கொண்டுபோய் விடுவார். சாப்பாட்டுக்கு 'இந்து வெஜிடேரியன்' என்று முன்பே பதிவு செய்யுங்கள்.

கேப் டவுனுக்கு: மலிவு விமான நிறுவனங்களான மேங்கோ 2021-இலும் குலுலா 2022-இலும் நின்றுபோனதால் போட்டி குறைந்துவிட்டது. இப்போது ஓடும் நிறுவனங்களில், ஃப்ளைசஃபேரின் குறைந்த விலையில் செக்-இன் பெட்டி சேராது. ஏர்லிங்கில் 20 கிலோ சேர்ந்தே வரும். ஆளுக்கொரு பெட்டி இருந்தால் இரண்டையும் கூட்டி ஒப்பிடுங்கள். உங்களுக்கு லன்சேரியா விமான நிலையமும் பக்கம்தான், தேடும்போது அதையும் சேருங்கள்.

லெனேசியா: திரும்பத் திரும்பத் தேடினால் விலை ஏறுமாமே? செவ்வாய் நள்ளிரவில் வாங்க வேண்டுமாமே?

இரண்டும் இல்லை. ஒரு விமானத்தில் இருக்கைகளைப் பல விலைகளாகப் பிரித்து வைத்திருப்பார்கள். மலிவானவை தீர்ந்ததும் அடுத்த விலை வரும். நீங்கள் நான்கு பேருக்குத் தேடும்போது மலிவான இருக்கை மூன்றுதான் மீதி என்றால், நால்வருக்குமே மேல் விலை காட்டும். ஒருவருக்கு, இருவருக்கு என்று தேடிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். எந்தக் கிழமையில் வாங்குகிறோம் என்பதைவிட எந்தக் கிழமையில் பறக்கிறோம் என்பதே முக்கியம்.

உம்லாங்கா: டர்பனிலிருந்து டிக்கெட் இருக்கிறது. அன்று நான் ஜோபர்க்கில் இருப்பேன். அங்கேயே ஏறிக்கொள்ளலாமா?

கூடவே கூடாது. முதல் பயணத்தில் ஏறாவிட்டால் மீதி எல்லாம் ரத்தாகிவிடும், திரும்பும் டிக்கெட்டும் சேர்த்து. முன்கூட்டியே போன் செய்து மாற்றிக் கேளுங்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்: நைரோபி வழியாகப் போனால் மஞ்சள் காய்ச்சல் ஊசி வேண்டுமா?

தென்னாப்பிரிக்கா அந்த நோய் உள்ள நாடு இல்லை, கென்யாவும் எத்தியோப்பியாவும் அந்தப் பட்டியலில் உள்ளவை. விமான நிலையத்தை விட்டு வெளியே வராமல் சில மணி நேரத்தில் மாறினால் விதிப்படி தேவையில்லை. ஆனால் விமானம் ரத்தாகி அங்கே ஹோட்டலில் தங்க வைத்துவிட்டால் நிலைமை மாறிவிடும். இங்கே திரும்பும்போதும், 12 மணி நேரத்துக்கு மேல் அங்கே காத்திருந்தவர்களிடம் ஊசி போட்டதற்கான சான்று கேட்பார்கள். இந்தியாவில் சான்று இல்லாதவரை ஆறு நாள் வரை தனிமையில் வைக்க அதிகாரம் உண்டு. ஊசி போட்டு பத்து நாள் கழித்துத்தான் சான்று செல்லும். 60 வயதைத் தாண்டியவர்கள் டாக்டரைக் கேட்காமல் போட வேண்டாம். அவர்களுக்குத் துபாய், தோஹா வழியே நிம்மதி.

ஐசிப்பிங்கோ: என் மகள் தன் எட்டு வயதுப் பிள்ளையோடு மட்டும் போகிறாள்.

பிள்ளையின் முழுப் பிறப்புச் சான்றிதழும், தகப்பனாரின் சம்மதக் கடிதமும் கையில் இருக்க வேண்டும். தகப்பனார் இறந்திருந்தால் இறப்புச் சான்று, கோர்ட் உத்தரவு இருந்தால் அது. கிங் ஷாகா கவுண்டரில் இந்தக் காகிதம் இல்லாமல் திரும்பிய தாய்மார்களைப் பார்த்திருக்கிறேன். டிக்கெட்டுக்கு முன் இதைத் தயார் செய்யச் சொல்லுங்கள்.

காட்டோ மேனர்: எனக்கு 74 வயது. தாத்தா வட ஆற்காட்டிலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர் என்று மட்டும் தெரியும். சாவதற்கு முன் ஒரு தடவை அந்த மண்ணை மிதிக்க வேண்டும். எந்த மாதம் மலிவு?

அய்யா, பிப்ரவரி. பள்ளி விடுமுறை இல்லை, பொங்கல் முடிந்திருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது. இ-விசா இணையத்திலேயே வாங்கலாம், அரசுத் தளத்தில் மட்டும். அதேபோல் தோற்றம் காட்டிக் காசு பறிக்கும் தளங்கள் நிறைய, பேரப்பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட் ஆறு மாதம் செல்ல வேண்டும், இரண்டு பக்கம் காலியாக இருக்க வேண்டும்.

டிக்கெட்டை இப்போதே வாங்க வேண்டாம். 1860-இல் நம்மவர்களை ஏற்றிய முதல் கப்பலான ட்ரூரோ இங்கே வந்ததிலிருந்து, தோட்ட வேலைக்கு ஒப்பந்தத்தில் வந்த ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, கப்பல் பட்டியலில் மாவட்டம், தாலுகா, கிராமம் எல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். உங்கள் வீட்டுப் பழைய கல்யாணச் சான்று, பிறப்புச் சான்று எதிலாவது அந்த எண் இருக்கலாம், பெட்டிகளில் தேடிப் பாருங்கள். அன்றைய வட ஆற்காடு பெரிய மாவட்டம். வேலூர்ப் பக்கம் என்றால் சென்னையில் இறங்கி 140 கிலோமீட்டர். சித்தூர்ப் பக்கமும் அன்றைக்கு அதில்தான் இருந்தது, அப்படியானால் திருப்பதி வழியாகவும் போகலாம். எண் கிடைத்ததும் ஞாயிற்றுக்கிழமை மண்டபத்துக்கு எடுத்து வாருங்கள். இருவரும் உட்கார்ந்து ஊரைக் கண்டுபிடித்துவிட்டு, அப்புறம் டிக்கெட் போடுவோம்.