கறுப்புத் தடம் இருக்கட்டும், நீலத்தில் இரண்டு பக்கமும் நிற்க வருகிறதா?

கேள்வி: சூரிச்சுக்குப் பக்கத்தில் இருக்கிறேன். வயது 41. போன இரண்டு குளிர்காலமும் தொடக்கநிலை ஸ்கீ (பனிச்சறுக்கு) வகுப்புக்குப் போனேன். இலகுவான நீலத் தடங்களில் ஃப்ளூக் போட்டபடி, அதாவது ஸ்கீயின் முன் நுனிகளைச் சேர்த்துப் பின்பக்கத்தை அகட்டியபடி, விழாமல் இறங்கிவிடுவேன். மகளோ பாடசாலையின் ஸ்கீலாகர் (ஸ்கீ முகாம்) முடித்து வந்ததிலிருந்து சிவப்புத் தடங்களில் பறக்கிறாள். இந்தப் பருவத்துக்கு "20 நாள் ஸ்கீ, மார்ச் முடிவதற்குள் ஒரு கறுப்புத் தடம்" என்று எழுதி வைத்திருக்கிறேன். இது சரிவருமா?

பதில்: மார்ச் முடிவதற்குள் கறுப்புத் தடத்தின் உச்சியில் போய் நிற்பது கடினமே இல்லை. லிஃப்ட் யாரையும் ஏற்றிக்கொள்ளும். இறங்குவதுதான் சங்கடம். நடுச்சரிவில் கால் விறைத்து நின்றுபோய், ஸ்கீயைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு ஓரமாகக் காலடி காலடியாக நடந்து வருகிறவர்களை ஒவ்வொரு பருவமும் பார்க்கிறேன். தைரியம் இல்லாதவர்கள் என்று அவர்களைச் சொல்ல முடியாது. தைரியம் கொஞ்சம் முந்திக்கொண்டுவிட்டது, அவ்வளவுதான்.

நிறத்தை இலக்காக வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. சுவிஸில் நீலத் தடம் என்றால் சரிவு 25 சதவீதத்துக்குள், சிவப்பு என்றால் 40 சதவீதத்துக்குள், அதற்கு மேல் கறுப்பு. சிறு துண்டுகளில் இது மீறப்படுவதும் உண்டு. பலகையில் இருக்கும் நிறம் சரிவை மட்டும்தான் சொல்கிறது, பனியைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. காலை ஒன்பது மணிக்கு, இரவு இயந்திரம் வாரிவிட்ட கோடுகள் அழியாமல் கிடக்கிற சிவப்புத் தடம், பிற்பகல் மூன்று மணிக்கு மேடும் கட்டிப்பனியுமாகக் கிடக்கிற நீலத் தடத்தைவிட இலகு. முகில் மூடி வெளிச்சம் மங்கிவிட்டால் பள்ளம் எது, மேடு எது என்றே தெரியாது. அப்போது எந்த நிறமும் கறுப்புத்தான்.

ஆகவே தடத்தின் நிறத்தை விட்டுவிட்டு, உங்கள் கால் என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். அதையும் பயமில்லாத சரிவில் வைத்து எழுதுங்கள்.

முதல் வேலை ஃப்ளூக்கிலிருந்து வெளியே வருவது. முன் நுனிகளைக் கிட்டவும் பின்பக்கத்தை அகட்டியும் வைத்து இறங்கும்போது உடல் பாரம் இரண்டு ஸ்கீக்கும் பகிர்ந்து போகிறது. தட்டையான இடத்தில் பிரச்சினை இல்லை. சரிவு கூடக்கூட அந்தப் பிடி போதாமல் போகும், தொடை எரியத் தொடங்கும், நீங்கள் அறியாமலே பின்னால் சாய்ந்து உட்கார்ந்துவிடுவீர்கள். இரண்டு ஸ்கீயும் ஒரே திசை பார்த்துத் திரும்ப வேண்டுமென்றால் பாரம் வெளிக்காலுக்கு, அதாவது திருப்பத்தில் பள்ளத்தாக்குப் பக்கம் வரும் காலுக்குப் போக வேண்டும். போகிறதா என்று நீங்களே சோதிக்கலாம். இலகுவான நீலத் தடத்தில், திருப்பத்தின் நடுவில், உள்கால் ஸ்கீயின் பின் நுனியை ஒரு கணம் பனியிலிருந்து தூக்குங்கள். தூக்க முடிந்தால் பாரம் வெளிக்காலில் இருக்கிறது. தூக்கப்போய்த் தடுமாறினால் இன்னும் இல்லை. பெரும்பாலானவர்களுக்கு ஒரு பக்கம் வரும், மறுபக்கம் வராது. வராத பக்கம் எதுவென்று தெரிந்துகொள்வதற்கே டிசம்பரில் ஒரு நாளைச் செலவழிக்கலாம்.

இரண்டாவதை யாரும் இலக்காக எழுதுவதில்லை. நானோ அதைத்தான் எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன்: பக்கவாட்டாகச் சறுக்கி இறங்குவது. சரிவுக்குக் குறுக்கே நில்லுங்கள். மலைப்பக்க விளிம்பில் பாரத்தை வைத்தால் ஸ்கீ பனியைக் கடித்து நிற்கும். கணுக்காலையும் முழங்காலையும் பள்ளத்தாக்குப் பக்கம் மெதுவாகச் சரித்து விளிம்பைத் தளர்த்தினால், நின்றபடியே உடல் கீழ்நோக்கி வழுகும். திரும்ப இறுக்கினால் நிற்கும். வலது தோள் பள்ளத்தைப் பார்த்தும், இடது தோள் பள்ளத்தைப் பார்த்தும், இரண்டு பக்கமும் நினைத்த இடத்தில் நிற்க வேண்டும். பார்க்கிறவர்களுக்கு அழகாக இராது, மகள் சிரிக்கவும் கூடும். ஆனால் இது கைவந்தவர், தவறிப்போய் எந்தச் செங்குத்தில் மாட்டிக்கொண்டாலும் அநேகமாக ஸ்கீயைக் கழற்றாமல் கீழே வந்துவிடுவார். கறுப்புத் தடத்துக்கு ஏதாவது நுழைவுத்தேர்வு வைப்பதென்றால் நான் இதைத்தான் வைப்பேன்.

மூன்றாவது இலக்கு பனி விழுவதற்கு முன்பே தொடங்குகிறது. ஒக்டோபரிலிருந்து வாரத்தில் இரண்டு மூன்று தடவை, சுவரில் முதுகை ஒட்டி நாற்காலியில் இருப்பதுபோல் இருங்கள். படியேறுங்கள். பல் துலக்கும்போது ஒற்றைக்காலில் நில்லுங்கள். ஸ்கீயில் அதிகம் அடிபடுவது முழங்கால்தான். பெரும்பாலானவர்கள் எவர் மீதும் மோதாமல் தாங்களாகவே விழுந்துதான் அடிபடுகிறார்கள். களைத்த தொடை முழங்காலைக் காக்காது.

இதோடு சேர்ந்த ஒன்று பைண்டிங், அதாவது சப்பாத்தை ஸ்கீயோடு பிணைக்கும் பூட்டு. வருடத்துக்கு ஒரு தடவை கடையில் கொடுத்துச் சோதிக்க வேண்டும். உயரம், எடை, வயது, சப்பாத்தின் அடிநீளம், நீங்கள் எப்படிச் சறுக்குவீர்கள் என்பது எல்லாம் கேட்டுத்தான் அது எவ்வளவு விசையில் கழர வேண்டும் என்று முடுக்குவார்கள். அந்தக் கடைசிக் கேள்விக்குக் கூச்சப்பட்டு, தன்னைக் கொஞ்சம் பெரிய ஆளாகச் சொல்லிவிடுகிறவர்கள் பலர். அப்படிச் சொன்னால் இறுக்கமாக முடுக்கிவிடுவார்கள். விழும்போது ஸ்கீ கழராது, முழங்கால்தான் முறுகும். "நீலத்தில் மெதுவாக இறங்குவேன்" என்று உள்ளதைச் சொல்லுங்கள்.

சப்பாத்தையும் பாருங்கள். மெல்லிய காலுறை ஒன்று போதும், இரண்டு போட்டால் கால் உள்ளே அசையும். நிமிர்ந்து நிற்கும்போது விரல் முன்னே தொட்டு, முழங்காலை மடித்ததும் விலக வேண்டும். இறங்கும்போது முழங்காலின் கீழ் எலும்பு சப்பாத்தின் முன் நாக்கில் அழுந்திக்கொண்டே இருக்க வேண்டும். அந்த அழுத்தம் காணாமல் போனால் பின்னால் சாய்ந்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

20 நாள் கணக்குக்கு வருவோம். நாளை இலக்காக வைத்தால் காய்ச்சலோடும் மூடுபனியிலும் மலைக்குப் போகிற நிலை வரும். அடுத்தடுத்து இரண்டு நாள் போவது, மூன்று வாரத்துக்கு ஒரு நாள் போவதைவிடப் பலன் தரும். இடைவெளி நீண்டால் ஒவ்வொரு தடவையும் முதல் பாதி நாள் பழையதை மீட்பதிலேயே போய்விடும். அரைநாள் சீட்டையும் இளப்பமாக நினைக்காதீர்கள். தொடக்கக்காரருக்குக் காலை நேரப் பனியில் மூன்று மணி நேரம் தாராளம். ஃப்ளும்சர்பெர்க் ஸ்கீ மலை உங்களுக்கு வசதி: உன்டர்டெர்ட்சன் ரயில் நிலையத்தில் இறங்கி அங்கேயே கேபிள் காரில் ஏறலாம். பெப்ரவரி விடுமுறை வாரங்களில் தடங்கள் நெரியும், அந்த நாட்களில் புதிதாக எதையும் பழக நினைக்க வேண்டாம். பின்னாலிருந்து வருகிறவர்களை எண்ணிப் பயமா? முன்னே போகிறவருக்கு ஆபத்து வராமல் வழி எடுப்பது பின்னே வருகிறவரின் பொறுப்பு என்பதுதான் சர்வதேச ஸ்கீ சங்கத்தின் விதி.

ஜனவரி நடுவில் ஒரு தனி வகுப்பு எடுங்கள், தொடக்கத்தில் வேண்டாம். அதற்குள் உங்கள் வராத பக்கம் எதுவென்று தெரிந்திருக்கும், ஆசிரியரின் நேரம் அதற்கே போகும். மகளைக் கீழே நிறுத்தி கைபேசியில் பத்துத் திருப்பங்களைப் படம் பிடிக்கச் சொல்லுங்கள். நிமிர்ந்து இறங்கியதாக நினைத்திருப்பீர்கள், படத்தில் பெரும்பாலும் குந்தியிருப்பீர்கள். வேகத்தைக் காட்டும் செயலியை மட்டும் அழித்துவிடுங்கள், அந்த எண்ணால் கெட்டவர்கள்தான் அதிகம்.

இன்னொரு இலக்கையும் சேர்த்து எழுதலாம்: நாள் முடிவில் அடிவாரம் வரை சறுக்குவதில்லை, கேபிள் காரில் இறங்குவேன் என்று. அந்தக் கடைசித் தடம் தாழ்வில் இருப்பதால் இறுகிக் கிடக்கும், ஒடுங்கியிருக்கும், எல்லாரும் ஒரே நேரத்தில் களைத்துப்போய் அதில்தான் வருவார்கள்.

பெப்ரவரி முடிவில் உள்கால் தூக்கும் சோதனையும் பக்கச் சறுக்கலும் இரண்டு பக்கமும் தேறினால், மார்ச்சில் ஒரு காலைப் பொழுதில் மகளோடு சிவப்புக்குப் போங்கள். கறுப்பை அடுத்த வருடத்துக்கு வைக்கலாம். பெரிதாக ஒன்று மனதில் இருக்கத்தான் வேண்டுமென்றால், டாவோஸின் பார்சென் மலையில் வைஸ்ஃப்ளூகிப்ஃபெல் உச்சியிலிருந்து கூப்ளிஸ் வரை சுமார் 12 கிலோமீற்றர் நீளும் இறக்கத்தை எழுதி வையுங்கள். 2000 மீற்றருக்கு மேல் உயரம் குறையும். கால் பலத்தைக் கேட்கிற பாதை அது, எனக்கு அந்த வகைதான் பிடிக்கும்.

கிளம்பும் முன் காப்புறுதியையும் பார்த்துவிடுங்கள். ஒரே முதலாளியிடம் வாரத்துக்கு எட்டு மணி நேரமாவது வேலை செய்கிறீர்களென்றால், வேலைக்கு வெளியே நடக்கும் விபத்துக்கும் அந்த வேலை வழியாகவே காப்புறுதி உண்டு. அதற்குக் குறைவென்றால், உங்கள் மருத்துவக் காப்புறுதியில் விபத்து சேர்ந்திருக்கிறதா என்று பத்திரத்தில் தேடுங்கள். மகளுக்கும் அது சேர்ந்திருக்க வேண்டும். ரேகா மீட்பு ஹெலிகொப்டரின் அவசர எண் 1414, இருவர் கைபேசியிலும் இருக்கட்டும்.