ஊர் திரும்பிய 207 பேர்

கேள்வி: ஐயா, என் மகள் ஓயாமல் கொரியத் தொடர்கள் பார்க்கிறாள். அதில் ராஜா பரீட்சை வைத்து அதிகாரிகளை எடுக்கிறார். அதெல்லாம் தலைநகரத்துப் பிள்ளைகளுக்கு மட்டும்தானா? எங்கள் ஊரைப் போலத் தூரத்தில் இருந்தவர்களுக்கும் வழி இருந்ததா?
– ஒரு வாசகி, குலசேகரம்

பதில்: இருந்தது அம்மா. கொரியாவை அப்போது ஆண்ட கோரியோ அரசில் 958-லேயே குவாங்ஜோங் மன்னர் அரசுப் பரீட்சையைத் தொடங்கிவிட்டார். சரி, பரீட்சை வைத்தால் போதுமா, சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டாமா? அதற்கு வழி தேடியவர் பின்னால் வந்த சோங்ஜோங். வெளியூர்களிலிருந்து 260 பிள்ளைகளைத் தலைநகரான கேக்யோங்குக்கு வரவழைத்துப் படிக்கவைத்தார். 986-இல் அவர்களில் 207 பேர் வீட்டுக்கே போகிறோம் என்றுவிட்டார்கள். மன்னர் அவர்களை வெறுங்கையோடு அனுப்பவில்லை. 1,400 சுருள் துணி கொடுத்தார். தங்கிய 53 பேருக்கு 106 குல்லாவும் 265 சோக் அரிசியும். சோக் என்பது அவர்களுடைய முகத்தலளவை. ஆளுக்கு இரண்டு குல்லா, ஐந்து சோக் அரிசி என்று கணக்கு சரியாக வருகிறது.

நாகர்கோவிலில் விடுதிப் பள்ளி வாத்தியாராக இருந்தவன் நான். பேச்சிப்பாறைப் பக்கத்துப் பிள்ளைகள் வெள்ளிக்கிழமை மத்தியானமே பையைக் கட்டிவிடுவார்கள். அதனால் அந்த 207 பேரை என்னால் குறை சொல்ல முடியாது.

அடுத்த வருஷம் மன்னர் செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. பிள்ளைகள் வராவிட்டால் என்ன, வாத்தியார் போகட்டும் என்று 12 பெரிய ஊர்களுக்கு, ஊருக்கொரு கன்பூசிய சாஸ்திர ஆசிரியரையும் மருத்துவ ஆசிரியரையும் அனுப்பினார். ஊர் அதிகாரிகள் வீட்டுப் பிள்ளைகளோடு சாதாரணக் குடிகளின் பிள்ளைகளும் படிக்கலாம் என்றார். நம் முஞ்சிறைக்குப் பக்கத்தில் பார்த்திவபுரத்தில், 866-லேயே ஆய் மன்னர் கருநந்தடக்கன் 95 மாணவர்களுக்குக் கல்விச் சாலை அமைத்தார். பெருமைதான். ஆனால் அது வேதம் படிப்பவர்களுக்கு மட்டுமே.

அப்புறம், கோரியோவுக்குப் பின் வந்த ஜோசொன் அரசின் காலத்து ஜோங்ஜோ மன்னர். 1792-இல் ஆண்டோங் பக்கம் தோசான் கல்விச்சாலையில், அந்த வட்டாரத்துக்காரர்களுக்கென்றே தனிப் பரீட்சை வைத்தார். 7,000 பேருக்கு மேல் திரண்டார்கள். விடைத்தாள்களைத் தலைநகருக்கு வரவழைத்து, மன்னரே தேறியவர்களைப் பொறுக்கினார்.

மகளிடம் இதையும் சொல்லுங்கள்: அரசுப் பரீட்சையில் பெண் பிள்ளைகளை உட்காரவிடவில்லை. 1894-இல் அந்த முறையையே எடுத்துவிடும் வரை அப்படித்தான்.