அறைக்குத்தான் முதல் செலவு: வீட்டு ஆடியோ கடை பற்றி வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சாயிபாபா காலனியில் முப்பதுக்கு இருபது அடிக் கடை ஒன்று வாடகைக்கு அமைஞ்சிருக்குதுங்க. கூரை பத்தடி. கையில் இருபது லட்சம் இருக்கிறது. ஹைஃபை, ஹோம் தியேட்டர் மட்டும் விற்கும் கடை போட எண்ணம். இருபதுக்குப் பத்தில் ஒரு டெமோ அறை, மீதி இடத்தில் ஷோகேஸ். சரிப்பட்டு வருமா?
- ஒரு வாசகர், கோவை

பதில்: கடை சரிப்பட்டு வரும், அந்த அறை வராது. 565-ஐ (ஒலி ஒரு நொடியில் ஓடும் அடிகளில் பாதி) அறையின் நீளத்தாலோ அகலத்தாலோ (அடிக்கணக்கில்) வகுத்துப் பாருங்கள். அந்தத் திசையில் எந்த ஒலி முதலில் தேங்கும் என்று தெரிந்துவிடும். இருபதடிக்கு 28 ஹெர்ட்ஸ், அதன் இரட்டிப்பு 56. பத்தடி அகலத்துக்கும் 56, பத்தடி உயரத்துக்கும் 56. மூன்றும் ஒரே இடத்தில் குவிந்தால் கிக் டிரம், பேஸ் கிட்டார் எல்லாம் ஒரே 'ஊம்' ஆகிவிடும். இரண்டு லட்ச ரூபாய் ஸ்பீக்கரும் அங்கே கோயில் திருவிழா குழாய் ரேடியோ போலத்தான் கேட்கும்.

தடுப்பை நகர்த்தி அகலத்தை 14 அடி ஆக்குங்கள். அது 40 ஹெர்ட்ஸ். திரைப் பக்கம் ஒன்றரை அடி விட்டு ஆடாத ஒரு சுவர் எழுப்பினால் நீளம் 18½ அடியாகி, 30-க்கும் 61-க்கும் போய்விடும். அந்த ஒன்றரை அடிச் சந்தில் வயரும் ஆம்ப்ளிஃபையர் (ஆம்ப்) அடுக்கும் அடங்கிவிடும். தடுப்புக்கு ஒற்றை ஜிப்சம் போர்டு போதாது. இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அடுக்கு, நடுவில் ராக்வூல் (கல்லை உருக்கி நூற்ற பஞ்சு). இவ்வளவும் செய்துவிட்டுக் கதவில் கோட்டை விடுபவர்கள்தான் அதிகம். கதவுக்கு அடியில் அரை இஞ்ச் இடைவெளி இருந்தால் சுவருக்குப் போட்ட காசு அந்த வழியாகவே வெளியே போய்விடும். கனமான பலகைக் கதவு, நாலு பக்கமும் ரப்பர் சீல்.

உள்ளே மூலைகளிலும் பின்சுவரிலும் நாலு இஞ்ச் கனத்தில், கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தியுள்ள ராக்வூல். மேலே போர்த்தத் துணி தேடி அலைய வேண்டாம். பக்கத்திலேயே திருப்பூர் இருக்கிறது. துணியை வாயில் வைத்து ஊதுங்கள், மூச்சு தடையில்லாமல் போனால் அது போதும். கரூர் திரைச்சீலை பார்க்க அழகுதான். ஆனால் வெளிச்சம் மறைக்கப் பின்னால் பூச்சு கொடுத்த ரகம் ஒலியைத் திருப்பி அடிக்கும். முதல் இருக்கை திரைச்சுவரிலிருந்து பதினொன்றரை அடியில் இருக்கட்டும். நட்டநடுவில் போட்டால் பேஸ் (கனத்த கீழ் ஒலி) காணாமல் போகும், பின்சுவரோடு ஒட்டினால் அதுவே அளவுக்கு மீறி வீங்கும். ஏ.சி. ஓடும்போதும் அறையின் இரைச்சல் 35 டெசிபலைத் தாண்டக் கூடாது.

பணக் கணக்கு: அறைக்கு ஐந்து லட்சம் வரை தயங்காமல் போடலாம். டெமோ சாதனங்களுக்கு ஏழு. அட்வான்ஸ், மின்வேலைக்கு மூன்று. மீதி ஐந்தைத் தொடாதீர்கள்; ஆறு மாத வாடகையும் சம்பளமும் அதிலிருந்துதான். ஷோகேஸை நிரப்ப ஏ.வி. ரிசீவர் (படத்தை டிவிக்கும் ஒலியை ஸ்பீக்கர்களுக்கும் அனுப்பும் பெட்டி) வாங்கி அடுக்கவே அடுக்காதீர்கள், கெட்டுப்போகும் தக்காளிக்குச் சமம். 2020 கடைசியில் வந்த முதல் எச்.டி.எம்.ஐ. 2.1 (படமும் ஒலியும் போகும் இணைப்பின் புதுத் தரம்) ரிசீவர்கள் சிலவற்றில் சிப் கோளாறால் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் கேம் பெட்டியின் நொடிக்கு 120 பிரேம் ஓடும் 4கே படம் வராமல் போனது. அதை ஸ்டாக் வைத்திருந்தவர் நிலையை யோசித்துப் பாருங்கள். ஸ்பீக்கர் அப்படியல்ல, ஐந்து வருடம் ஆனாலும் ஸ்பீக்கர்தான். விநியோகஸ்தரிடம் நான்கை எழுத்தில் வாங்குங்கள்: டெமோ பொருளுக்கு என்ன தள்ளுபடி, புது மாடல் வந்தால் பழையதற்கு விலை ஈடு உண்டா, பழுது பார்த்துத் திரும்ப எத்தனை நாள், உங்கள் ஊரில் இன்னொருவருக்கு ஏஜென்சி கொடுப்பார்களா.

கேள்வி: நாமக்கல்லில் இருக்கிறோம், முட்டை அட்டைக்குப் பஞ்சமில்லை. சுவர் முழுக்க ஒட்டினால் செலவு மிச்சம்தானே?

பதில்: நாமக்கல்காரர் கேட்காமல் வேறு யார் கேட்பார்! முட்டை அட்டை மேல் ஸ்தாயியை மட்டும் கொஞ்சம் விழுங்கும். பேஸை ஒன்றும் செய்யாது. பக்கத்து வீட்டுக்குச் சத்தம் போவதையும் தடுக்காது. போதாக்குறைக்கு எளிதில் தீப்பிடிக்கும். தரையில் பவானி ஜமக்காளம் விரிப்பதும் ஏறக்குறைய இதே கதை. எதிரொலி கொஞ்சம் குறையும், அவ்வளவே.

கேள்வி: பொள்ளாச்சிப் பக்கம் தோட்டத்து வீடுகளுக்கு ஹோம் தியேட்டர் மாட்டிக் கொடுக்கிறேன். கடையாக்கும் யோசனை உண்டு. எங்கே போனாலும் சப்வூஃபரில் 'ம்ம்ம்' என்ற உறுமல். ஸ்டெபிலைசர் போட்டும் போகலைங்க.

பதில்: ஸ்டெபிலைசர் வோல்டேஜுக்கு, உறுமலுக்கு அல்ல. முதலில் ரிசீவரிலிருந்து எல்லாக் கேபிளையும் கழற்றிவிட்டு, ஸ்பீக்கரையும் சப்வூஃபரையும் மட்டும் விடுங்கள். உறுமல் நின்றால், ஒவ்வொன்றாகத் திரும்பச் செருகுங்கள். பெரும்பாலும் கேபிள் டிவி அல்லது டிஷ் வயரைச் செருகும்போது பிடிபடும். அந்த வயரின் உறை வேறோர் இடத்தில் பூமியைத் தொடுகிறது, ரிசீவர் வேறோர் இடத்தில். இரண்டுக்கும் நடுவே ஓடும் மின்னோட்டம்தான் அந்த 50 ஹெர்ட்ஸ் உறுமல். டிஷ் வயரையும் அதே எர்த்தில் சேர்ப்பதும், சப், ரிசீவர், டிவி மூன்றையும் ஒரே பிளக் பாயிண்டிலிருந்து எடுப்பதும் பாதி வீடுகளில் போதும்.

போகாவிட்டால் மல்டிமீட்டரை எடுத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையில் அளவெடுங்கள், போர் மோட்டார் ஓடும்போது ஒருமுறை, நிறுத்திவிட்டு ஒருமுறை. மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் குழி காய்ந்திருக்கிறது, அல்லது நியூட்ரல் இணைப்பு தளர்ந்திருக்கிறது. சித்திரை வெயிலில் தோட்டத்து எர்த் குழி வறண்டுவிடும். தண்ணீர் ஊற்றி மறுபடி அளந்தாலே வித்தியாசம் தெரியும். நிரந்தரத் தீர்வுக்கு எலக்ட்ரீஷியனை வைத்து எர்த்தின் மின்தடை ஐந்து ஓமுக்குள் வருகிற மாதிரி புதுக் குழி போடச் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் செய்யவே கூடாது: மூன்றாவது பின்னை உடைப்பது. உறுமல் நிற்கும், பழுதான அன்று ஆம்பின் உடல் முழுக்க ஷாக் அடிக்கும்.

உறுமல் அல்லாமல் 'ஜிர்ர்' என்று கேட்டால் லைட் டிம்மரையும் மலிவு எல்.இ.டி. டிரைவரையும் சந்தேகப்படுங்கள்.

கேள்வி: ஜி.எஸ்.டி. இல்லாமல் சின்னதாக ஆரம்பிக்கலாமா? (ஈரோடு)

பதில்: பொருள் மட்டும் விற்றால் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் வரை பதிவு வேண்டியதில்லை. மாட்டிக் கொடுக்கக் கூலியும் வாங்கினால் வரம்பு 20 லட்சம்தான். பலர் சறுக்கும் இடம் இது. பாலக்காட்டு வாடிக்கையாளருக்குப் பொருள் அனுப்பினால் முதல் ரூபாயிலிருந்தே பதிவு வேண்டும். காம்போசிஷன் திட்டம் (விற்றுமுதலில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் ஏற்பாடு) இந்தத் தொழிலுக்கு ஒத்துவராது. நீங்கள் வாங்கும்போது கட்டிய 18 சதவீதத்தைத் திரும்ப எடுக்க முடியாது. ஏழு லட்சத்து டெமோ பொருளில் அது எவ்வளவு என்று நீங்களே போட்டுப் பாருங்கள். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. வீட்டு மின் இணைப்பில் கடை நடத்தாதீர்கள், வணிகக் கட்டணத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பில் இல்லாமல் வரும் வெளிநாட்டு புளூடூத் ஸ்பீக்கரில் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) எண் இருக்காது, விலை மலிவு என்று வாங்கி வைத்தால் சோதனைக்கு வரும் அன்று அது உங்கள் தலையில்.

கேள்வி: கடையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் கேட்டுவிட்டு ஆன்லைனில் வாங்கிக்கொள்கிறார்களே? (திருப்பூர்)

பதில்: டெமோவுக்கு முன்பதிவும் ஒரு கட்டணமும் வையுங்கள், வாங்கினால் பில்லில் கழித்துக்கொள்ளலாம். மைக் வைத்து அளந்து ஸ்பீக்கரை இடம் பார்த்து அமைக்கும் வேலைக்கு விலையைத் தனியாகப் பலகையில் எழுதுங்கள். வெளியில் வாங்கியவருக்கும் அதே விலையில் செய்து கொடுங்கள். அறையின் ஒலியை அளக்கும் ஆர்.இ.டபிள்யூ. மென்பொருள் இலவசம், அளவு மைக் ஒன்றுதான் செலவு. இரண்டு ஸ்பீக்கரை ஒப்பிடும்போது பிங்க் நாய்ஸ் (எல்லா ஸ்தாயியும் கலந்த சோதனை இரைச்சல்) போட்டு இரண்டையும் 75 டெசிபலுக்குச் சமன் செய்யுங்கள். ஒரு டெசிபல் கூடினாலே சத்தமானதுதான் 'நல்லது' என்று காது சொல்லும். அப்படி விற்ற ஜோடி வாரம் கழித்துத் திரும்பி வரும்.

கேள்வி: ஸ்பீக்கர் வயருக்கு இருபதாயிரம் கொடுக்கலாமா? (கரூர்)

பதில்: 2.5 சதுர மி.மீ. செம்பு வயரில் பத்து மீட்டர் தூரத்துக்குப் போய்வரும் மின்தடை 0.14 ஓம். நாலு ஓம் ஸ்பீக்கருக்கே அது போதும். மிச்சக் காசை இன்னும் இரண்டு ராக்வூல் பலகையில் போடுங்கள்.