இம்ப்ளான்ட்டைச் சுற்றிச் சீழ்: லேசருக்குப் பணம் கட்டும் முன்

கேள்வி: ஆறு வருடத்துக்கு முன் கீழ்த்தாடையில் ஒரு பல் இம்ப்ளான்ட் (எலும்பில் பதிக்கும் டைட்டானியம் ஸ்க்ரூ) வைத்துக்கொண்டேன். சில மாதங்களாக அதைச் சுற்றி ஈறு சிவந்திருக்கிறது. பல் தேய்த்தால் ரத்தம் வருகிறது, விரலால் அழுத்தினால் கொஞ்சம் சீழும் வருகிறது. வலி இல்லை. ஒரு கிளினிக்கில், “கத்தி வேண்டாம், தையல் வேண்டாம், நாலு முறை லேசர் வைத்தால் கிருமி செத்து எலும்பும் வளர்ந்துவிடும்” என்கிறார்கள். முழுத் தொகையையும் இந்த வாரமே கட்டினால் தள்ளுபடியாம். கட்டலாமா?

பதில்: இந்த வாரம் பணம் கட்ட வேண்டாம். அதற்காகச் சிகிச்சையையும் தள்ளிப்போட வேண்டாம். வலி இல்லை என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். இயற்கைப் பல்லின் வேரை எலும்போடு பிணைக்கிற நார்கள் இம்ப்ளான்ட்டுக்குக் கிடையாது. எலும்பு நேராக டைட்டானியத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதனால் மேல் எலும்பு கரைந்துகொண்டே வந்தாலும், அடியில் மிச்சமிருக்கும் எலும்பு பிடித்திருக்கும் வரை இம்ப்ளான்ட் ஆடாது. அதுவே ஆட ஆரம்பித்துவிட்டால் பெரும்பாலும் எடுத்துவிடத்தான் வேண்டியிருக்கும்.

முதலில் தெரிய வேண்டியது, எலும்பு இறங்கியிருக்கிறதா இல்லையா என்பது. ஈறு மட்டும் அழன்றிருந்தால் நன்றாகச் சுத்தம் செய்தாலே பழைய நிலைக்குத் திரும்ப வாய்ப்பு அதிகம், அதற்கு லேசர் தேவையே இல்லை. எலும்பும் போயிருந்தால் அது வேறு சிகிச்சை. இரண்டையும் பிரித்துச் சொல்ல மெல்லிய அளவுக்கம்பியால் ஈறுக்கும் இம்ப்ளான்ட்டுக்கும் நடுவே உள்ள பள்ளத்தின் ஆழத்தைப் பார்ப்பார்கள், எக்ஸ்ரேயும் எடுப்பார்கள். இம்ப்ளான்ட் வைத்தபோது எடுத்த பழைய எக்ஸ்ரேயைக் கேட்டு வாங்கிப் புதியதோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். படத்தில் ஸ்க்ரூவின் மரைகள் வரிவரியாகத் தெரியும். அன்று எலும்புக்குள் இருந்த மரைகளில் எத்தனை இன்று வெளியே நிற்கின்றன என்று உங்களாலேயே எண்ணிவிட முடியும். பழைய படம் கிடைக்காவிட்டால், ஈறுநோய்களுக்காக 2018இல் வெளியான சர்வதேச வகைப்பாட்டில் ஓர் அளவு இருக்கிறது: ரத்தமோ சீழோ கசிய, பள்ளம் 6 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ ஆழம், எலும்பும் 3 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இறக்கம் என்றால் நோய் எலும்பைத் தொட்டுவிட்டது என்று கொள்வார்கள். இந்த அளவுகளை எடுக்காமலேயே உங்களுக்கு நாலு முறை என்று கணக்குச் சொல்லியிருந்தால், அந்த நாலு எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்.

அடுத்தது, எந்த லேசர்? எல்லா லேசரும் ஒரே வேலையைச் செய்வதில்லை. எர்பியம்-யாக் வகை 2940 நானோமீட்டர் அலைநீளம் கொண்டது. அதன் ஆற்றலைத் தண்ணீர் உறிஞ்சிக்கொள்ளும். தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே சரியான அளவில் பயன்படுத்தினால் டைட்டானியத்தை அதிகம் சூடாக்காமல் அதன்மேல் படிந்த பற்காரையை எடுக்கும். பல கிளினிக்குகளில் இருக்கும் டயோடு லேசர் கிருமியைக் குறைக்கும், ஆனால் கெட்டிப்பட்ட காரையைப் பெயர்க்காது. அதை எப்படியும் கருவியால்தான் சுரண்டி எடுக்க வேண்டும். நியோடிமியம்-யாக் வகையை உலோகத்தின் மேல் நேராகக் காட்டினால், அளவு கூடினால் மேற்பரப்பு உருகிப்போகவும் கூடும். உலோகம் சூடானால் சூடு எலும்புக்கு இறங்கும். முயல் எலும்பில் 1983இல் செய்த ஆய்வில், 47 டிகிரி செல்சியஸ் ஒரு நிமிடம் நீடித்தாலே எலும்புக்குச் சேதம் தொடங்குவது தெரிந்தது. ஆகவே லேசரின் வகையையும், அதை இம்ப்ளான்ட்டில் கையாள எங்கே பயிற்சி எடுத்தார் என்பதையும் மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.

“எலும்பு வளரும்” என்ற வாக்குறுதிதான் எனக்குக் கோபம் வரவைக்கிறது. 2016இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஒரு லேசர் முறைக்கு அப்படியொரு அனுமதி கொடுத்தது உண்மைதான். ஆனால் அது இயற்கைப் பல்லின் வேரைப் பற்றியது. அந்தப் பேச்சை அப்படியே இம்ப்ளான்ட்டுக்கு மாற்றி விற்பது நியாயமே இல்லை. ஐரோப்பியப் பல் ஈறு மருத்துவக் கூட்டமைப்பு 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இந்த நோய்க்கு லேசரை வழக்கமாகச் சேர்க்கச் சொல்லவில்லை. லேசர் போலி என்று நான் சொல்லவில்லை. திறமையான கையில் அது ஒரு துணைக்கருவி. கருவியால் செய்யும் சாதாரணச் சுத்திகரிப்பைவிடப் பல மடங்கு பணம் கூடுதலாகக் கொடுக்கும் அளவுக்கு அதன் பலன் நிரூபணமாகவில்லை, அவ்வளவுதான்.

கேள்வி: எனக்கு லேசர் வைத்தார்கள். ஒரு மாதம் ரத்தம் நின்றது, அப்புறம் மறுபடி ஆரம்பித்துவிட்டது. இன்னொரு சுற்று வைக்க மறுபடி பணம் கேட்கிறார்கள்.

பதில்: அதே சிகிச்சைக்கு மறுபடி கொடுக்கும் முன், காரணத்தைத் தேடினார்களா என்று கேளுங்கள். இம்ப்ளான்ட்டின் மேல் கிரவுனை (செயற்கைப் பல் உறையை) ஒட்டிய சிமென்ட்டில் ஒரு துணுக்கு ஈறுக்கு அடியில் பிதுங்கி நின்றுவிட்டால், எத்தனை முறை லேசர் வைத்தாலும் அழற்சி திரும்பத் திரும்ப வரும். சில கிரவுன்கள் ஈறை மூடிக்கொண்டு உப்பலாக இருக்கும், அடியில் பிரஷ் நுழையவே வழியிருக்காது. கழற்றக்கூடிய கிரவுன் என்றால் கழற்றிவிட்டுச் சுத்தம் செய்வதே நல்லது. புகைப்பழக்கம், கட்டுக்குள் இல்லாத சர்க்கரை நோய், மற்ற பற்களில் இருக்கும் ஈறுநோய் இவையும் சேர்ந்தால் எந்தச் சிகிச்சையும் நிலைக்காது.

அறுவையில்லாத சிகிச்சை முடிந்து 6 முதல் 12 வாரத்தில் மறுபடி அளந்து பார்க்க வேண்டும். ரத்தக்கசிவோடு ஆழமான பள்ளம் இன்னும் இருந்தால், ஈறைத் திறந்து கண்ணால் பார்த்துச் சுத்தம் செய்வதே அடுத்த படி. ஈறுநோய் நிபுணர் ஒருவரிடம் இரண்டாவது கருத்துக் கேளுங்கள். முன்பும் பின்பும் எடுத்த அளவுகளையும் எக்ஸ்ரேயையும் கையோடு கொண்டுபோங்கள். அவற்றைத் தர மறுக்கிற கிளினிக்கில் மேற்கொண்டு பணம் போட வேண்டாம்.

கேள்வி: வீட்டிலேயே வாயில் வைத்துக்கொள்ளும் ஒளிக்கருவி விற்கிறார்கள். இம்ப்ளான்ட் ஈறுக்கு வாங்கலாமா?

பதில்: வேண்டாம். ஈறுக்கு அடியில் ஒட்டியிருக்கும் கிருமிப் படலத்தையும் காரையையும் ஒளி பெயர்த்து எடுக்காது. அந்தப் பணத்தில் பல்லிடுக்கு பிரஷ் வாங்குங்கள். கம்பிக்குப் பிளாஸ்டிக் உறை போட்டதாகப் பாருங்கள், டைட்டானியத்தில் கீறல் விழாது. இடுக்கில் லேசாக உரசிக்கொண்டு போகிற அளவு எது என்று பல் மருத்துவரிடமே ஒருமுறை காட்டி எடுத்துக்கொள்ளுங்கள்.