புதுச் சான்றிதழுக்கு முன்தேதி போடலாமா, எவ்வளவு போடலாம்?

கேள்வி: அலுவலக சர்வர்களுக்கு ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க மென்பொருள் மூலம் நாங்களே சான்றிதழ் வழங்குகிறோம். புதிதாகப் போட்டவுடன் ‘இன்னும் செல்லுபடியாகவில்லை’ என்று பிழை வருகிறது. தொடக்கத்தை ஒரு மாதம் முன்தேதியிட்டால் தீருமா? போன மாதம் பழைய சான்றிதழ் காலாவதியான பின் கையெழுத்திட்ட நிறுவல் கோப்புகளும் அதில் அடங்கிவிடுமா?

பதில்: ஒரு மணி நேரம் போதும். ஒரு மாதம் வேண்டாம்.

எல்லாக் கருவிகளும் மறுத்து, ஐந்தரை மணி நேரம் கழித்துத் தானாகச் சரியானால், தவறு நீங்கள் எழுதிய நேரத்தில் இருக்கிறது. சான்றிதழ் நேரம் யுடிசி கணக்கு, அதாவது நம் நேரத்தைவிட ஐந்தரை மணி நேரம் பின்தங்கிய உலகப் பொது நேரம். மார்ச் 10, 2026 காலை 10 மணிக்கு வழங்குகிறீர்கள், ஒரு மணி நேர முன்தேதி வேண்டும் என்றால் ஸ்டார்ட்டேட் ஆப்ஷனில் 260310033000, கடைசியில் இசட் எழுத்து. நம் ஊர் நேரப்படி 090000 என்று முடித்தால் சான்றிதழ் பிற்பகல் 2.30-க்குத்தான் உயிர்பெறும்.

முடிவு நேரத்தையும் எண்ட்டேட் ஆப்ஷனில் நீங்களே கொடுங்கள். டேஸ் ஆப்ஷன் வழங்கும் நொடியிலிருந்து எண்ணும், நீங்கள் முன்தள்ளிய தொடக்கத்திலிருந்து அல்ல. 825 நாள் என்று கொடுத்தால் அந்த ஒரு மணி நேரம் கூடுதலாகச் சேர்ந்து, 825 நாளைத் தாண்டியதை ஏற்காத ஐபோனும் மேக்கும் சான்றிதழை மறுத்துவிடும். காரணம் பிடிபடாமல் பலர் தடுமாறுவது இங்கேதான்.

சில கருவிகள் மட்டும் மறுத்தால் அவற்றின் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது. சில நிமிட வித்தியாசத்தை முன்தேதி ஈடுகட்டும். இலவசச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் 1 மணி நேரமும், விண்டோஸ் சர்வரின் சான்றிதழ் சேவை இயல்பாக 10 நிமிடமும் முன்தள்ளுவது இதற்காகவே. ஆனால் ராஸ்பெர்ரி பை 4 என்ற சிறு கணினியில் பேட்டரிக் கடிகாரம் கிடையாது. மின்சாரம் போய்வந்தால் கடைசியாகச் சேமித்த நேரத்திலிருந்து தொடங்கும், அது நாள்கணக்கில் பழையதாக இருக்கலாம். அங்கே டிஎஸ்3231 கடிகார மாட்யூல் பொருத்துங்கள். அல்லது சிஸ்டம்டி-டைம்-வெயிட்-சிங்க் சேவையை இயக்கி, உங்கள் சேவை டைம்-சிங்க் டார்கெட்டுக்குப் பின் தொடங்குமாறு அமையுங்கள்.

கடிகாரப் பிசகுக்கு முன்தேதி நியாயம். விதியைத் தாண்ட முன்தேதியிடுவது பொய்க்கணக்கு. 2016 ஜனவரி 1 முதல் ஷா-1 என்ற பழைய, பலவீனமான முறையில் சான்றிதழ் வழங்கக் கூடாது என்ற தடையைத் தாண்ட, சான்றிதழ் வழங்கும் சீன நிறுவனமான வோசைன் 2015 டிசம்பர் தேதியிட்டு வழங்கியது. மொசில்லா அதை 2016-இல் வெளிக்கொண்டுவந்தது. மொசில்லா, ஆப்பிள், கூகுள் மூன்றும் அந்த நிறுவனத்தின் மீதான நம்பிக்கையை விலக்கிக்கொண்டன.

உங்கள் நிறுவல் கோப்புகளுக்கும் இதே பதில்தான். பழைய கையெழுத்தோடு பழைய சான்றிதழே ஒட்டியிருக்கிறது, புதியதற்கு என்ன தேதி போட்டாலும் அது மாறாது. புதிய கோடு சைனிங் (மென்பொருளுக்குக் கையெழுத்திடும்) சான்றிதழால் கோப்புகளை மறுபடி கையெழுத்திடுங்கள். விண்டோஸின் கையெழுத்துக் கருவியான சைன்டூலில் டிஆர் ஆப்ஷனுக்கு ஆர்எஃப்சி 3161 தரத்திலான நேரமுத்திரை சர்வரின் முகவரியையும், டிடி ஆப்ஷனுக்கு ஷா256-ஐயும் கொடுங்கள். முத்திரையில் இன்றைய தேதிதான் விழும். அது விழுந்துவிட்டால், இந்தச் சான்றிதழ் காலாவதியான பிறகும் கையெழுத்து செல்லும்.